வீடும் வழியும்

ஓர் ஊரிலேயே இருப்பவனுக்கு ஊர் சுற்றுகிறவன் மேல் பொறாமை. ஊர் சுற்றுகிறவனுக்கோ வேளைக்குச் சோறும் சாய்ந்துகொள்ளத் திண்ணையும் உள்ளவன் மேல் பொறாமை. இரண்டும் ஒருவனுக்கே வாய்க்காதா என்றால், வாய்க்கும். அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1903-இல் சென்னைக்கு மாற்றலாகிப் போகிற வரையில் அந்த ஊரில்தான் குடித்தனம். ஆனால் விடுமுறை வந்தால் ஏடு தேடிக் கிளம்பிவிடுவார், திருநெல்வேலிச் சீமை வரைக்கும். அச்சு வேலைக்காகச் சென்னைக்கு அலைந்தது தனி. சீவக சிந்தாமணி 1887-இல் வந்தது. சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல். ஏடு கிடைக்கக் கால் நடக்க வேண்டும். கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேற, ஓரிடத்தில் கால் மடக்கி உட்கார வேண்டும். பயணம் மட்டும் இருந்திருந்தால் ஏட்டு மூட்டைதான் மிஞ்சியிருக்கும். வீடு மட்டும் இருந்திருந்தால் அதுவும் மிஞ்சியிராது.

ஆகவே பயணமும் வீடும் பகையல்ல. ஆனால் ஏடு தேடிப் போனவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் இல்லாத நாட்களில் அந்த வீட்டைத் தாங்கியவர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்?

காவிரிக் கரையில் குடியானவனுக்குப் பயணத்துக்கு விடுப்புத் தருவது வயல். மேட்டூர் அணை 1934-இல் வந்தது. நீர் இருக்கிற ஆண்டுகளில் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நாற்று, நடவு, களை என்று அவன் வரப்பை விட்டு நகர முடியாது. சம்பா அறுத்துக் களம் ஒழிந்த பிறகு பழனிக்கோ ராமேசுவரத்துக்கோ புறப்படலாம். யாரும் குறை சொல்வதில்லை.

அடுப்புக்கு மட்டும் மதகு மூடும் தேதி கிடையாது. கறவை மாடு, வயசான மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாம் அவள் தலையில். 'நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது' என்ற தெம்பில்தான் அவன் தைரியமாக ரெயில் ஏறுகிறான். அந்தத் தெம்பு இன்னொருத்தியின் நகராமையிலிருந்து வருகிறது. அவளாக விரும்பி இருந்தால் அது இல்லறம். போக நினைத்தும் கேட்பாரில்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

பயணத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறை வைத்துக்கொள்ளலாம். தை மாதத்தில் அவள் திருவையாற்று ஆராதனைக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வரட்டும். பால் கறந்து, வாசல் தெளித்து, கடைசி பஸ்ஸின் சத்தத்துக்குக் காது கொடுத்து அவன் உட்கார்ந்திருக்கட்டும். வீடு என்பது என்ன என்று எந்த யாத்திரையும் அவனுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது.