பெட்டியில் ஏறிய அடுப்பு

பலகையில் நாகர்கோவில் சந்திப்பு என்று இருந்தாலும் அந்த ரயில் நிலையம் இருப்பது கோட்டாற்றில். 2023 ஆகஸ்ட் 25 அன்று அங்கே புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸ்ஸோடு ஒரு சுற்றுலாப் பெட்டியைக் கோத்தார்கள். லக்னோவிலிருந்து தீர்த்த யாத்திரை வந்தவர்கள் மொத்தமாக எடுத்த பெட்டி; ஒரு வாரத்துக்கும் மேலாக அதுதான் அவர்களுக்கு வீடு. மறுநாள் விடியும் வேளையில் மதுரையில் பெட்டியைக் கழற்றி நிறுத்தியிருந்தபோது, உள்ளே சிலிண்டரைத் திறந்து தேநீர் போட முயன்றிருக்கிறார்கள். தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

ரயிலில் சிலிண்டர் ஏற்றுவது குற்றம். அதில் பேச்சே இல்லை.

ஆனால் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது சோம்பேறித்தனம். நெடும் யாத்திரையில் தன் அடுப்பில் வெந்ததைத்தான் உண்பது என்பது பலருக்கு ஆசாரம். கார்த்திகை பிறந்துவிட்டால் கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்ப பக்தர்களின் பஸ்களிலும் பாத்திரமும் அடுப்பும் கூடவே வருகின்றன. விரதச் சோற்றைக் கண்ட இடத்தில் வாங்கலாமா என்ற கேள்வி அவர்களுக்கு விளையாட்டல்ல. அப்படியானால் சுத்தத்துக்காக நெருப்பையும் கூடவே சுமக்க வேண்டுமா?

இந்தச் சிக்கல் பழையது. நாள் தவறாமல் அக்னி வளர்ப்பவர் வீட்டைவிட்டு இடம்பெயரும்போது என்ன செய்வது என்று வைதிக மரபு யோசித்திருக்கிறது. சமாரோபணம் என்று அதற்குப் பெயர். அரணிக்கட்டையைத் தீயில் காட்டி மந்திரம் சொன்னால் அக்னி கட்டைக்குள் ஏறிவிட்டதாகக் கொள்வார்கள். போன இடத்தில் கடைந்து எடுக்கலாம். கட்டையும் வேண்டாமென்றால் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம். துறவு பூணுகிறவர் செய்வது இதைத்தான். அதன் பிறகு அவருக்கு அடுப்பே கிடையாது, பிச்சைச் சோறுதான். ஊர் ஊராகத் திரிவதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு மரபு விதித்தது அடுத்த வீட்டுச் சமையல் என்பதை, சிலிண்டரை வண்டியேற்றும் ஆசாரக்காரர்கள் ஏனோ நினைப்பதில்லை.

பார்சிகள் வேறு வழி போனார்கள். அவர்களுடைய ஈரான்ஷா என்ற புனித நெருப்பு சஞ்சானிலிருந்து குகை, காடு, நவ்சாரி என்று அலைந்து 1742இல் உத்வாடா சேர்ந்தது. சுடரையே சுமந்தார்கள்; ஆனால் காவலுக்கு எப்போதும் ஆள் இருந்தது.

காவல் மட்டும் போதாது, காற்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் குளிருக்குப் புரொப்பேன் கணப்பு வைத்துக்கொள்கிறார்கள். அது எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடும். ஆட்கள் மூச்சுவிடும் காற்றும் கணப்பு எரிக்கும் காற்றும் கலக்கவே கூடாது. சமையல் காஸோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். பூட்டிய பெட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது?

விரதம் அவரவருடையது, அந்தக் காற்று அப்படியல்ல. பக்கத்து பெர்த்தில் தூங்குகிறவர் எந்தச் சங்கல்பமும் செய்துகொள்ளவில்லை. மாலை போட்டவர்களுக்கு நூறு விதி சொல்லும் குருசாமி, அடுப்பைத் தரையில் இறக்காமல் பற்றவைக்காதே என்பதையும் அதில் சேர்க்கலாம். ரயிலென்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்லிவிடலாம். வழியில் அன்னதானம் போடாத பெரிய கோயில் அபூர்வம்.