வழிநூலின் தர்மம்

கொங்கு நாட்டில் உடுக்கடிக்காரர் அண்ணமார் கதையை இரவு இரவாகப் பாடிவந்து, பொன்னரும் சங்கரும் மாண்டு விழும் கட்டத்தை அடையும்போது, கேட்டிருக்கும் அடியார் சிலர் அருள் வந்து தாமும் படுகளத்தில் விழுவர். அவ்விருவரின் தங்கை தங்காளாக நிற்கும் பெண் நீர் தெளித்த பின்பே எழுவர். இந்தக் கதை யாருக்குப் பாத்தியம் என்று அந்த வேளையில் எவரும் கேட்பதில்லை. தம் குரு பாடாத வர்ணனை ஒன்றை உடுக்கடிக்காரர் சேர்த்துக்கொண்டாலும் அதை அபசாரம் என்பாரில்லை. அதே கதையைக் கலைஞர் மு. கருணாநிதி நாவலாக எழுதினார். 2011இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாவலுக்கும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. கதையை இத்தனை தலைமுறை உயிரோடு வைத்திருந்த உடுக்கைக்கு அது இல்லை. நம் உடுமலையின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த நாராயண கவி நாட்டார் மெட்டுகளில் பாட்டுக் கட்டினாரே, பாட்டு அவருடையது, மெட்டு யாருடையது?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் நூல் அவருக்கும் அவர் சந்ததிக்கும் உரியது. அனுமதியின்றி அதைத் தழுவி எழுதுவது குற்றம். எழுதுகிறவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். ஆகவே இந்தச் சட்டத்தை நான் நியாயமென்றே கொள்கிறேன். ஆனால் ஒரு பாத்திரத்தின் மேல் கொண்ட தீராத பிரேமையால் அதற்கு மேலும் ஒரு கதை புனைகிற வாசகனையும், ஒப்பந்தம் எழுதிப் பணம் கட்டிக் கிளைக்கதை செய்கிறவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது, அந்தக் கதையைத் தொடும் அதிகாரத்தை அளிப்பது பத்திரமா, சிரத்தையா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு நம் முன்னோர் விடை வைத்திருந்தனர். தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என்று பகுத்து, வினையினின்று நீங்கிய தெளிந்த ஞானமுடையவன் கண்டதே முதல்நூல் என்றும், அதனைத் தொகுத்தும், விரித்தும், தொகுத்து விரித்தும், மொழிபெயர்த்தும் செய்வது வழிநூல் என்றும் வகுத்தார். ஆழ்ந்து நோக்கினால், முதல்நூலையும் அவர் ‘கண்டது’ என்கிறாரேயன்றி ‘உடையது’ என்று சொல்லவில்லை என்பது விளங்கும். கண்டவனுக்கு வணக்கம் உண்டு. காணப்பட்டதற்கு வேலி இல்லை. வான்மீகியை வணங்கிக் கம்பன் இராமகாதை செய்ததும் இந்த நெறியில்தான்.

இந்த நெறி நம் காலத்திலும் தொடர்ந்தது. கல்கி 1954இல் மறைந்தார். அவர் எழுத்துகள் நாட்டுடைமையானது 1999இல். அதற்கு முன்பே, ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார், தமிழ் வாசகர் அதையும் அன்போடு ஏற்றனர்.

அனுமதி தேவைப்படாத காலம் எந்த நூலுக்கும் ஒருநாள் வந்தே தீரும். அப்போதும் நீங்காத கடன் ஒன்று உண்டு, முதலில் கண்டவனை வணங்கும் கடன். அதன் உச்சநிலையைக் காண விரும்புவோர் பெரியபுராணத்தைத் திறந்து பார்க்கவேண்டும். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையை நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் வகைப்படுத்த, சேக்கிழார் அவ்விரண்டையும் பெருங்காவியமாக விரித்தார். சுந்தரரையே அதன் தலைவராக்கினார். தொகையின் 11 பாடல்களின் தொடக்கச் சொற்களையே 11 சருக்கங்களுக்குப் பெயராக இட்டார். அச்சருக்கங்களை நிறைவு செய்யும்போதெல்லாம் சுந்தரரைப் போற்றி ஒரு பாடல் பாடி வைத்தார்.