நால்வரா, ஒருவரா?

வெங்கடேஷ் மஹாவின் முதல் படமான 'கேராஃப் கஞ்சரபாலெம்' 2018 செப்டம்பர் 7 அன்று வெளிவந்தது. விசாகப்பட்டினத்தின் கஞ்சரபாலெம் பகுதியில், நடித்துப் பழக்கமில்லாத அவ்வூர் மக்களைப் பெரும்பாலும் கொண்டு, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இத்தெலுங்குப் படம், இந்தியத் தத்துவ மரபின் பழைய வழக்கொன்றை, அதன் பெயரைச் சொல்லாமலேயே, பார்வையாளர் முன் வைக்கிறது.

பள்ளிச் சிறுவன் சுந்தரம், இளைஞன் ஜோசப், 'தாடிக்காரன்' என்று பொருள்படும் பட்டப்பெயருடன் மதுக்கடையில் வேலை பார்க்கும் ஒருவன், 49 வயதிலும் மணமாகாத அரசு அலுவலக உதவியாளர் ராஜு ஆகிய நால்வரின் காதல்கள் மாறிமாறிக் காட்டப்பட, இவர்கள் ஒரே காலத்தில் வாழும் வெவ்வேறு மனிதர்கள் என்றே பார்வையாளர் நம்புகிறார். நால்வரும் ராஜுவே என்பது இறுதியில்தான் தெரியவருகிறது.

அப்பழைய வழக்கின் ஒரு தரப்பான, பொருள்கள் யாவும் தோன்றிய கணத்திலேயே அழிகின்றன என்னும் பௌத்தரின் கணபங்கவாதம், நிலையான ஆன்மா என ஒன்றில்லை, அறிவுக் கணங்களின் இடையறாத தொடர்ச்சியாகிய சந்தானமே உண்டு என்று கூறும். முகத்தை மூடிக்கொண்டு மது வாங்க வரும் சலீமாவின் கண்களை மட்டுமே கண்டு கடைக்காரன் காதல் கொள்ளும் காட்சி இதற்குத் துணைபோகிறது. ஏனெனில் அங்குக் காணப்படுவன கண்கள் மட்டுமே, 'நேற்று வந்த அவளே இவள்' என்பது மனம் சேர்த்துக்கொண்டது.

13ஆம் நூற்றாண்டினரான அருள்நந்தி சிவாச்சாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் பகுதியில், பௌத்தரின் இக்கொள்கையை மறுக்கிறார். முன்பு கண்டவனும் இப்போது நினைப்பவனும் வேறாயின், ஒருவன் கண்டதை மற்றொருவன் எவ்வாறு நினைவுகூர்வான் என்பது நிலையான ஆன்மா உண்டு என்னும் ஆன்மவாதிகளின் வினா. முந்தைய கணம் தன் பதிவாகிய வாசனையை அடுத்த கணத்தில் விட்டுச்செல்கிறது என்று பௌத்தர் விடை கூறுவர். ஆன்மா உண்டு என்றாலும், சைவ சித்தாந்தம் அதை மாறாத கல்லாகக் கருதவில்லை. அடுத்திருக்கும் பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுவதுபோல், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்கிறது. சிறுவனாகவும் ஜோசப்பாகவும் மதுக்கடைக்காரனாகவும் பெயரும் முகமும் மாறிய ராஜு, ஒவ்வொரு காதலின் வண்ணத்தையும் ஏற்றபின்னும், அக்காதல்களின் இழப்புகள் அனைத்தையும் தன்னுடையனவாகவே சுமக்கிறார். வாசனை என்னும் விளக்கம் நினைவு எவ்வாறு வந்தது என்பதற்குப் போதுமானது. அந்த நினைவு யாருக்கு வலிக்கிறது என்பதற்குப் போதாது.

இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. 1998இல் தகவல் தொழில்நுட்ப வளாகமான சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் ஐதராபாத்தின் மாதாப்பூருக்கு வேலை தேடி வந்து, ஊர், மொழி, உடை, பழக்கம் என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டவர்களுக்கு, ஊரில் இருந்தவனும் இங்கிருப்பவனும் ஒருவனா என்ற ஐயம் அன்றாட வாழ்விலேயே எழக்கூடியது. அவர்களுக்கு இப்படம் தரும் விடை சித்தாந்தத்தின் பக்கமே சாய்கிறது: மாறியதால் ஒருவன் வேறொருவன் ஆகிவிடுவதில்லை, ஆகவே பழைய கடன்களும் பழைய அன்பும் அவனுடையனவே.