இருட்டில் ஒரு வெள்ளைச் சட்டை

இன்று ராத்திரி ஒரு சின்னப் பரிசோதனை. விளக்கை அணைத்துவிட்டு, டி.வி. ரிமோட்டின் மூக்கை உங்கள் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு எதிரே நீட்டி, ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ரிமோட்டின் நுனி இளம் ஊதாவாக மினுக்கும். (உங்கள் போனில் மினுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருடையதைக் கேட்டுப் பாருங்கள்.) இப்போது திரையை விட்டுவிட்டு ரிமோட்டையே நேராகப் பாருங்கள். ஒன்றும் இல்லை. அது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு எட்டாது, கேமராவுக்கு எட்டும்.

இருட்டில் நாம் பார்ப்பதும் கேமரா பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்காகச் சொன்னேன். இதில் ஒருவருடைய பிழைப்பே அடங்கியிருக்கிறது.

கே.கே. நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. தெருவிளக்கு மரத்துக்கு மேலே பிரகாசமாக எரியும், மரத்துக்குக் கீழே இருட்டு. ஏ.கே. விசுவநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது (2017-2020) 'மூன்றாவது கண்' என்று ஊரெல்லாம் கேமரா வைக்கச் சொன்னார்கள் அல்லவா, அப்போது இவர்களும் கேட்டில் ஒன்று மாட்டினார்கள். ஒரு நாள் காலை ஒரு கியர் சைக்கிளைக் காணோம். எட்டு பேர் கூடி ஃபுட்டேஜைப் போட்டுப் பார்த்தார்கள். நண்பரைப் பார்க்கப் போயிருந்த நானும் ஓரமாக நின்றேன்.

இரவு 2.40. வெள்ளைச் சட்டையில் ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரவையைக் கொட்டினாற்போல் புள்ளிகள். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். "யாரோ போன மாதிரி இருந்துச்சு சார். முகம் தெரியலை. இருட்டு" என்றார். "இப்படி ஆளை வாட்ச்மேனா வச்சா சைக்கிள் என்ன, காரே போகும்" என்றார் ஒரு முதல் மாடி. இன்னொருவர் செல்போனில் ஏதோ ஆப் வைத்திருந்தார். படத்தை அதில் ஏற்றியதும் புள்ளிகள் மறைந்து மூக்கும் முழியுமாக ஒரு முகம் வந்துவிட்டது! "அட, நம்ம இஸ்திரிக்காரர் பையன்!" அவன் தினம் போடுவதும் வெள்ளைச் சட்டைதான். கேஸ் முடிந்தது.

முதலில் அந்தச் சட்டையைப் பார்ப்போம். இந்த மாதிரி கேமராக்களில் பல, இருட்டியதும் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரை ஒதுக்கிவிட்டு, தாங்களே அகச்சிவப்பு ஒளியை அடித்துப் பார்க்கின்றன. அதனால்தான் படம் கறுப்பு வெள்ளையாகிறது. பல கறுப்புத் துணிகளின் சாயம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு பாலியெஸ்டர் சட்டை சலவை வெள்ளையாகத் தெரிய நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே 2.40 மணி ஆசாமி எந்த நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்பது அவருக்கும் அவருடைய டெய்லருக்கும்தான் வெளிச்சம்.

அடுத்தது முகம். மொட்டை மாடியில் வரிசையாக டம்ளர்களை வையுங்கள். பெருமழை என்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவு நிற்கும். லேசான தூறலில் ஒன்றில் ஆறு துளி, ஒன்றில் இரண்டு, ஒன்று காலி. ஒளியும் இப்படித்தான், போட்டான் என்ற துளிகளாக விழுகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 10,000 போட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு சதவிகிதம். சராசரி 4 என்றால் ஏற்ற இறக்கம் 2. பாதிக்குப் பாதி! அந்த ரவைப் புள்ளிகளில் பெரும் பங்கு இதுதான். எத்தனை லட்சம் கொடுத்து கேமரா வாங்கினாலும் இயற்கையின் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. என்னைக் கேட்டால், "முகம் தெரியலை சார்" என்று கேமரா சொல்லும் விதம் அந்தப் புள்ளிகள். வாட்ச்மேன் சொன்ன அதே பதில்.

இதற்கு நேர்மையான வைத்தியம் அதிகத் துளிகளைப் பிடிப்பது. 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த லென்ஸை வாங்கி மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 7 சென்டிமீட்டர் வாய். நடிகர்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் ஃபோகஸ் போய்விடும். நம் பி.சி. ஸ்ரீராமோ இருட்டை இருட்டாகவே விட்டார். 'லைட்டைப் போடுங்கப்பா' என்று தியேட்டரில் கத்தியவர்களுக்கும் 'நாயகன்' (1987) ஞாபகம் இருக்கிறது. செல்போனின் நைட் மோடு வரிசையாகப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குகிறது. 2018இல் கூகுள் பிக்ஸல் செய்தது இதைத்தான். அதுவும் டம்ளரைக் கூடுதல் நேரம் வெளியே வைப்பது போலத்தான். குற்றமில்லை.

துளியே விழாத டம்ளரை 'இவ்வளவு இருந்திருக்கும்' என்று குழாய்த் தண்ணீரால் நிரப்பும்போதுதான் வம்பு. 2023இல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, இருட்டறையில் சாம்சங் போனால் எடுத்தார். போன், மூலப் படத்தில் இல்லாத பள்ளங்களையெல்லாம் வரைந்து கொடுத்தது. நிலா என்று தெரிந்துகொண்டால் செயற்கை அறிவு விவரங்களைக் கூட்டுகிறது என்று கம்பெனியே விளக்கியது. நிலாவுக்குப் பரவாயில்லை. அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது, மானநஷ்ட வழக்கும் போடாது. இஸ்திரிக்காரர் பையன் நிலா இல்லை.

நம் ஆட்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். 'மணிமேகலை'யில் அளவைவாதி, அறியும் வழிகளில் காண்டலைத் தனியாகவும் கருதலைத் தனியாகவும் வைக்கிறான். பார்த்தது வேறு, ஊகித்தது வேறு. தவறான அறிவுகளையும் பட்டியல் போடுகிறான். எதிரே நிற்பது கட்டையா மனிதனா என்று தீர்மானிக்க முடியாமல் திணறுவது ஐயம். இப்பியை வெள்ளி என்றே முடிவுகட்டுவது திரியக் கோடல். இரண்டும் குறைதான் அவனுக்கு. எனக்கோ, இரண்டும் ஒன்றல்ல என்று தோன்றுகிறது. ஐயப்படுகிறவன் விசாரிப்பான், முடிவுகட்டியவன் விசாரிக்க மாட்டான். அந்த ஆப் கேமராவின் ஐயத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் திரியக் கோடலை ஒட்டிவைத்தது. எட்டு பேரும் அதைக் காண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம்? முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, டிஜிட்டல் ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஃபைல் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று அது சொல்லும். கருவி எதைப் பார்த்தது, எதைக் கற்பனை செய்தது என்று சொல்லாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2024இல் ஒரு கொலை வழக்கு. ஏ.ஐ. கொண்டு தெளிவாக்கிய செல்போன் வீடியோவைப் பிரதிவாதி தரப்பு கொண்டுவந்தது. என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த ஸாஃப்ட்வேர் நினைக்கிறதோ அதைக் காட்டுகிறது என்று சொல்லி நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியிருக்கக்கூடிய படம் அது என்பதைக் கவனியுங்கள்.

கே.கே. நகரில் வழக்கு எதுவும் இல்லை. யாரும் போலீஸுக்குப் போகவில்லை. துணி கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் இஸ்திரி வண்டி அந்த வாசலை விட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது. எதற்கு என்று அந்தப் பையனிடம் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததால், 'நான் எடுக்கலை' என்று சொல்லும் சந்தர்ப்பம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

அசோசியேஷன் இப்போது இன்னும் உசத்தியான கேமராவுக்கு கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது. கேட் பக்கம் ஒரு பல்பு போடச் சொல்லி வாட்ச்மேன் கேட்டு ஒரு வருஷம் ஆகிறதாம்.