இடம் மாறும் உழைப்பு

ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் இன்று பரவலாகிவிட்ட மின்சார மலைச் சைக்கிள் மீது எழும் முதல் ஆட்சேபம், ஏற்றத்தின் பெருமையை அது பறித்துவிடுகிறது என்பதாகும். தன் காலை மட்டுமே நம்பி உச்சியை அடைந்தவருக்குக் கிடைக்கும் நிறைவு, மோட்டாரின் துணையோடு வந்தவருக்கும் உரியதா என்று கேட்பவர்கள், பாடு குறைந்தால் பயனும் குறையும் என்ற பழைய நம்பிக்கையின் மீது நின்றே கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆயினும் இவ்வண்டியை வாங்கி, ஓட்டி, பேணி வருவோரின் பழக்கங்களைக் கூர்ந்து நோக்கினால், உழைப்பின் ஒரு பகுதி காலிலிருந்து கைக்கு இடம் மாறியிருப்பது புலப்படும்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, சைக்கிளாகவே கருதப்படும் வண்டியில் மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது. பெடலை மிதிக்கும்போது மட்டுமே அது உதவலாம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும். மிதியின் அழுத்தத்தை இடைவிடாது அளக்கும் ‘டார்க் சென்சார்’ என்னும் முறுக்குவிசை உணரி இருப்பதால், கால் கொடுப்பதற்கு ஏற்பவே மோட்டாரும் கொடுக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 25 கிலோ வண்டியோடு 1000 மீட்டர் உயரம் ஏற, உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், சுமார் 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். 100 வாட் திறனோடு மிதிப்பவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும் அந்த வேலை, மோட்டார் 200 வாட் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எழுபது வயதுத் தந்தையும் இளம்வயது மகளும் பேசிக்கொண்டே ஒரே ஏற்றத்தில் செல்ல முடிவது இதனால்தான். தனியொருவர் உச்சியில் அடையும் பெருமையைவிட இந்த உடன்செல்லல் மேலானது என்று துணிந்து கூறலாம்.

இதற்கான விலையை வண்டியின் உறுப்புகள் தருகின்றன. பெடல் அச்சில் மோட்டார் அமைந்த வண்டிகளில் இறக்கத்தின் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. அது பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கில் வெப்பமாக மாறுவதால், கனத்த வண்டியின் பிரேக் பேட் விரைந்து தேய்கிறது. காலின் விசையையும் மோட்டாரின் விசையையும் ஒன்றாகத் தாங்கும் செயின், ஓர் அடி நீளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலே மாற்றப்பட வேண்டியதாகிறது; தள்ளிப்போட்டால் பற்சக்கரங்களும் அதனோடு கெடும். எனவே பயணம் முடிந்ததும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பழந்துணியால் சேற்றைத் துடைத்து, கண்ணிதோறும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது உள்ளே இறங்கும்வரை பொறுத்திருந்து, புழுதி ஒட்டாதபடி வெளியே மிஞ்சியதை மீண்டும் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் சலிப்பாகக் கருதுவோர் உண்டு. ஆனால் ஏற்றத்தில் தனக்கு என்ன தரப்பட்டது என்பதை உரிமையாளர் விரலால் தொட்டு அறியும் வேளை இதுவே; கியர் மாற்றும் கணத்தில் மிதியைத் தளர்த்தாமல் ஓட்டியதன் விளைவும் பற்களின் தேய்மானத்தில் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

லித்தியம்-அயான் பேட்டரியும் கவனம் கேட்கிறது. பனிக்காலத்தில் வண்டி நிற்கும் மாதங்களில், அதை ஏறக்குறைய பாதி மின்னேற்றத்தோடு, உறைகுளிர் தாக்காத இடத்தில் வைத்தல் நலம்.

மோட்டாரிடம் வரும்போது மட்டும் கை தடுக்கப்படுகிறது. பல மோட்டார்கள் உரிமையாளர் திறக்கக் கூடாதவையாக விற்கப்படுகின்றன. திறந்தால் உத்தரவாதம் போய்விடும், ஒரு சிறு பேரிங் தேய்ந்தாலும் முழு மோட்டாரையும் மாற்ற நேரலாம். 2023-இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை, இத்தகைய வண்டிகளின் பேட்டரியை, தயாரிப்பாளரைச் சாராத தொழில்வல்லுநரும் கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்றும், வண்டியின் அந்த மாதிரி சந்தைக்கு வருவது நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. பேணுவதற்கு மனமும் கையும் உள்ளவரிடமிருந்து பேணும் வழியைப் பூட்டிவைப்பது அநீதி என்பதால், மோட்டாருக்கும் இதே பாதுகாப்பைக் கோருவதற்கு வண்டி வைத்திருப்போருக்கு முழு நியாயம் உண்டு.