கைக்கடிகாரமும் தேசவிரதமும்

சென்ற ஆண்டு தசலட்சண நோன்பின்போது, சென்னையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் வந்தவாசிப் பக்கத்திலுள்ள தம் சொந்த ஊருக்கு வந்திருந்தார். பத்து நாட்களும் ஜினாலயத் தெருவை விட்டு அகலுவதில்லை எனத் தேசவிரதம் ஏற்றிருந்தார். நாள்தோறும் ஓடிப் பழகியவர். அந்நாட்களில் அத்தெருவுக்குள்ளேயே விடியலில் மேலும் கீழுமாக நடந்தார். அவர் நம்மிடம் கேட்டது இது: "ஐயா, நான் தெருவைத் தாண்டவில்லை. ஆனால் என் கையிலுள்ள கடிகாரம் என் ஒவ்வோர் அடியையும் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் விரதம் நிற்கிறதா?"

கேட்டவுடன் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது என்பது வீடு திரும்பிய பின்னரே தோன்றியது.

அவர் கூறியது மிகையன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கடிகாரம் பெறுகிறது. நான்கு கோள்களேனும் அகப்பட்டால், அச்சமிக்ஞைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்துக்கொள்கிறது. புள்ளி புள்ளியாகச் சேர்ந்த அக்கணக்கு புளூடூத் வழியே கைபேசிக்குச் செல்கிறது; கைபேசியிலிருந்து கடிகார நிறுவனத்தின் கணினிக்கு; என்றோ ஒரு நாள் அளித்த இசைவின்பேரில் அங்கிருந்து ஸ்ட்ராவா போன்ற வேறொரு செயலிக்கு. ஒருமுறை சிந்திய வியர்வை மூன்று நான்கு இடங்களில் குடியேறிவிடுகிறது. ஒத்திசைவு என்று இதற்குப் பெயர். இளைஞர் வாயில் 'சிங்க்'.

இனி, நம் ஆசாரியர்கள் வகுத்த எல்லைகளைப் பார்ப்போம். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் திசைவிரதத்துக்குக் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லையாகக் கொள்ளலாம் என்றார். வாழ்நாள் முழுமைக்கும் வகுத்த அப்பெரிய எல்லையை ஒரு நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ ஊர், தெரு, வீடு எனச் சுருக்கிக்கொள்வதே தேசவிரதம். திசைவிரதத்துக்குக் கூறப்பட்ட அதிசாரங்களுள் ஒன்று, வகுத்த எல்லையையே மறந்துவிடுதல். அவ்வகையில் இக்கடிகாரம் சிராவகனுக்கு நல்ல துணை எனலாம், அது மறப்பதில்லை.

தேசவிரதத்தின் அதிசாரங்களோ வேறு தன்மையின. எல்லைக்கு வெளியிலிருந்து ஒரு பொருளை வருவித்தல், ஏவலாளை வெளியே அனுப்புதல், ஒலியெழுப்பி வெளியிலிருப்பவனுக்குக் குறிப்புணர்த்தல், தன் உருவைக் காட்டி உணர்த்தல், கல்லோ மண்ணாங்கட்டியோ எறிந்து உணர்த்தல் என ஐந்தாக உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணுகிறார். இவற்றுள் ஒன்றிலேனும் விரதியின் கால் எல்லையைக் கடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் உள்ளேயே இருக்கிறது. விருப்பம் வேலியைத் தாண்டுகிறது. கைபேசியைக் கனவிலும் காணாத காலத்தில் இந்நுட்பத்தைக் கண்டறிந்த அறிவை எண்ணி வியக்கிறோம்.

உருக்காட்டல் என்பது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்களின் நூறு கோடி ஓட்டங்களையும் பயணங்களையும் திரட்டி, ஒளிக்கோடுகளாக உலகப் படம் ஒன்றை வெளியிட்டது. 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதனை உற்றுநோக்கி, பாலைநிலங்களில் படைத்தளங்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். காலையில் மதிலோரமாக ஓடிய படைவீரன் எவனும் தன் முகாமைக் காட்டிக்கொடுக்க எண்ணியிருக்கமாட்டான். எண்ணாமலே காட்டினான். நம் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிச் சுவடுகளைத் தொழுகிறோம். அவை பிறர் போற்றிக் காப்பவை, அவர் தம்மைக் காட்டிக்கொள்ளப் பதித்தவையல்ல.

ஆயினும், எண்ணாமல் நிகழ்வதை அதிசாரம் எனலாமா? நோயாளி ஒருவரின் இதயத்துடிப்பை மருத்துவர் தொலைவிலிருந்து கண்காணிக்கிறார் எனில், அதனை உருக்காட்டல் என எவரும் குறைகூறார். கருவி ஒன்றே, கருத்து வேறு. எனவே மறுநாள் அவ்விளைஞரிடம், "புளூடூத்தை நிறுத்திவிடுங்கள். கடிகாரம் தன்னளவில் எண்ணிக்கொண்டிருக்கட்டும். நோன்பு முடிந்தபின் அனுப்பினால் அந்தந்த நாளின் கணக்கிலேயே சேர்ந்துவிடுமே!" என்றோம். நல்ல தீர்வு சொன்னதாகவே நமக்கு நினைப்பு.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பத்து நாளும் கல்லைக் கையில் பொறுக்கி வைத்துக்கொண்டு, பதினோராம் நாள் எறிவதாகாதா?" என்றார்.

விரத காலம் முடிந்தபின் எறிவதில் குற்றமில்லை என விதியைக் காட்டி விடை கூறலாம், கூறவும் செய்தோம். ஆனால் அவருடைய கவலை விதியைப் பற்றியதன்று. நானூறு நாட்களுக்கு மேலாக ஒரு நாளும் விடாமல் பதிவு செய்து வந்திருக்கிறாராம். அச்சங்கிலி அறுந்துவிடும் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது என்றார். பொருளின் அளவைக் கொண்டன்று, அதன்மேல் எழும் மயக்கத்தைக் கொண்டே பரிக்கிரகத்தை அறிய வேண்டும் என்பது நாம் அறிந்ததே. எடையில்லாத, இடம் அடைக்காத, விற்க இயலாத ஓர் எண் அம்மயக்கத்தைத் தரக்கூடும் என்பதை அவர் முகத்தில் கண்டோம்.

இம்மயக்கம் சிலரை இன்னும் கீழே இழுத்துள்ளது. இந்தோனேசியாவில் கூலி கொடுத்துப் பிறரை ஓடச்செய்து, அவ்வோட்டத்தைத் தம் பெயரில் பதிந்துகொள்வோர் இருப்பதை 2024இல் செய்தியாளர்கள் வெளிப்படுத்தினர். வாய்மை விரதத்தின் அதிசாரமான கூடலேகம், அதாவது பொய்யெழுத்து, இதுவன்றி வேறென்ன?

2020 சூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, பல நாட்கள் எவருடைய ஓட்டமும் கணக்கில் ஏறவில்லை. பதிவுகள் கடிகாரத்தில் பத்திரமாகவே இருந்தன. எனினும் ஓடியது வீணாயிற்றோ எனப் பலர் கலங்கினர். பதிவில்லையேல் ஓட்டமே நிகழவில்லை என்று ஓட்டக்காரர்களிடையே வேடிக்கையாக ஒரு பேச்சும் வழங்குகிறது. நம் வினைக் கோட்பாட்டில் ஊறியவர்க்கு இது விந்தையாகவே படும். வினையைக் குறித்துவைக்கும் கணக்கன் எவனையும் சமணம் ஒப்பவில்லை. மனமொழிமெய்களின் அசைவால் வினைத்துகள்கள் உயிரிடத்து ஊறுகின்றன, கட்டுகின்றன, பயன்தந்து உதிர்கின்றன. எழுதாமல் விட்டதால் நீங்குவதுமில்லை, கைபேசியும் கடிகாரமுமாக இருமுறை எழுதியதால் இரட்டிப்பதுமில்லை. ஓடிய காலின் வலுவும் அவ்வாறே காலில்தான் இருக்கிறது.

இதனை அவ்விளைஞரிடம் சொன்னபோது, "தெரியும் ஐயா, தெரிந்தும் விட முடியவில்லை" என்றார். அவ்விடைக்குமேல் நம்மிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரைத் தெருவில் கண்டோம். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பட்டை அழுந்திய வெண்தடம் மட்டும் தெரிந்தது. கடிகாரத்தை அன்னையாரிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டதாகக் கூறினார். நடக்கும்போது தம்மை அறியாமல் இருமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்ததையும் கண்டோம். எட்டாம் நாளும் ஒருமுறை பார்த்தார்.

அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள் சென்னைக்குப் புறப்படுகையில் கடிகாரத்தை மீண்டும் அணிந்துகொண்டார். சங்கிலி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். வருந்தினாரா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.