ஞாயிறு பூசைக் கடன்



கி.பி. 303-ல் உரோமை இராயன் தியோக்கிளேசியன், கிறிஸ்தவர்கள் வழிபாட்டுக்குக் கூடலாகாதென்று கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவிலிருந்த அபித்தினா ஊர் விசுவாசிகளோ ஒரு வீட்டில் கூடித் திவ்விய பலிபூசை கண்டார்கள். 304-ல் அவர்களில் 49 பேர் பிடிபட்டு, கார்த்தேஜ் நகரில் விசாரிக்கப்பட்டார்கள். இடங்கொடுத்த எமெரித்துஸ் என்பவரை, ஏன் அவர்களைத் தடுக்கவில்லை என்று தேசாதிபதி கேட்டான். அவர்கள் என் சகோதரர்களாயிற்றே, ஆண்டவருடைய நாளின் பூசையில்லாமல் எங்களால் இருக்கமுடியாதே என்றார் அவர்.

மூன்றாம் கற்பனையை மீறுவது பாவமென்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பாவத்துக்குப் பயந்து வந்ததாக அவர் சொல்லவில்லை. மூச்சுவிடுவதை யாராவது கடனென்று நினைப்பார்களா?

நாமோ ஞாயிறு காலையில் பிள்ளைக்கு டியூசன் இருக்கிறதென்று பூசையை விட்டுவிடுகிறோம். நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் திருச்சபைத் தாய் கட்டாயப்படுத்துவதில்லை. டியூசன் அந்தக் கணக்கில் சேராது. (கலியாண வீடென்றால் அதே டியூசனுக்கு லீவு போடத் தெரிகிறதே!)

பிடிபட்டவர்களில் இலாரியான் என்ற சிறு பையனும் இருந்தான். தகப்பனோடும் கூடப்பிறந்தவர்களோடும் வந்தவன். மூக்கையும் காதையும் அறுத்துவிடுவேனென்று தேசாதிபதி மிரட்டினான். இஷ்டம்போல் செய்யும், நான் கிறிஸ்தவன் என்றான் பையன். சிறைக்குக் கொண்டுபோகச் சொன்னதும், சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னான்.